பெயர்த்துக் கொண்டுவந்த அறைகள்

1929 ஏப்ரலில் நியூயார்க்கில் ஓர் ஏலம். ரைஃப்ஸ்னைடர் என்ற சேகரிப்பாளரின் பழைய மரச்சாமான்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் ஓர் உயரமான டிராயர் அலமாரி இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபிலடெல்ஃபியா தச்சர்கள் செய்தது. பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டும் அதற்குப் போட்டி போட்டார். கடைசியில் 44,000 டாலருக்கு அது இன்னொருவர் கைக்குப் போனது. அன்றைய விலைக்கு அந்தப் பணத்தில் நல்ல வீடுகளே சில வாங்கியிருக்கலாம். வாங்கியவர் ஹென்றி ஃபிரான்சிஸ் டுபான்ட். அலமாரி இன்றும் அவருடைய வீட்டில்தான் இருக்கிறது. அந்த வீடுதான் இப்போது விண்டர்டூர் மியூசியம்.

டெலவேர் மாநிலத்தில் வில்மிங்டன் நகரத்தை ஒட்டி, பிராண்டிவைன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிட்டத்தட்ட ஆயிரம் ஏக்கர் நிலத்துக்கு நடுவே நிற்கிறது விண்டர்டூர். உள்ளே 175 அறைகள். 1640 முதல் 1860 வரை அமெரிக்காவில் செய்த அல்லது அமெரிக்கர்கள் பயன்படுத்திய பொருட்கள், ஏறத்தாழ 90,000. இவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். டுபான்ட் அறைகளாகவே வைத்தார். அதுவும் புதிதாகக் கட்டிய அறைகளில் இல்லை. கிழக்குக் கடற்கரை நெடுக, இடிக்கப் போகிற பழைய வீடுகளைத் தேடிப் பிடித்து, அவற்றின் சுவர்ப் பலகைகள், கணப்பு மேடைகள், கதவுகள், நிலைகள், விளிம்பு வேலைப்பாடுகள் எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுவந்து தன் வீட்டுக்குள் பொருத்தினார். ஒரு கதவைத் திறந்தால் மாசசூசெட்ஸ், அடுத்த கதவைத் திறந்தால் வர்ஜீனியா.

இந்த மாதிரி அறைகளை இங்கே பீரியட் ரூம் என்கிறார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் 1924 இல் திறந்த அமெரிக்கன் விங் என்ற பகுதிதான் இதைப் பெரிய அளவில் பிரபலமாக்கியது. பிறகு ஃபிலடெல்ஃபியா, பாஸ்டன், புரூக்ளின் என்று எல்லா மியூசியங்களும் பழைய வீடுகளின் உட்புறங்களை வாங்க ஆரம்பித்தன. ஆனால் மற்ற இடங்களில் கயிறு கட்டிய வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்க வேண்டும். விண்டர்டூரில் பல அறைகளுக்குள் நடந்தே போகலாம். போகும்போது ஒன்று உறைக்கிறது. இங்கே ஒரு குடும்பம் குடியிருந்தது. இந்த 1760 ஆம் வருடத்து அறையில் 1935 இல் ஒருவர் உட்கார்ந்து சீட்டாடினார், பேப்பர் படித்தார், மகள்களைத் திட்டினார்.

நியூஜெர்சியிலிருந்து காரில் கிளம்பினால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வசந்த காலம் என்பதால் பாதிக் கூட்டம் தோட்டத்துக்காகவே வந்திருந்தது. என்னுடன் வந்தவர் என் அத்தை, அதாவது கணவரின் அம்மா. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். மியூசியம் என்றாலே கால் வலிக்கும் என்பவர், "ஒரு பணக்காரர் வீடு, உள்ளே போய்ப் பார்க்கலாம்" என்றதும் உடனே கிளம்பிவிட்டார். அடுத்தவர் வீட்டைப் பார்ப்பதில் இருக்கும் ஆசை யாரைத்தான் விட்டது?

அந்தப் பணக்காரர் யார் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. டுபான்ட் என்றால் நமக்கு நைலான், டெஃப்லான் ஞாபகம் வரும். குடும்பத்தின் முதல் சொத்து வெடிமருந்து. பிரான்சிலிருந்து வந்த எலூதேர் இரேனே டுபான்ட் 1802 இல் இதே பிராண்டிவைன் கரையில் வெடிமருந்து ஆலை போட்டார். ஹாக்லி என்ற பெயரில் அந்த ஆலைகளும் இப்போது மியூசியமாக இருக்கின்றன. மூன்று பக்கம் கனமான கல் சுவர், ஆற்றைப் பார்த்த பக்கம் மட்டும் லேசான சுவர். வெடித்தால் கூரையும் அந்தப் பக்கமும் ஆற்றின் மேல் பறக்கும், பக்கத்து ஆலை தப்பும். உள்ளே வேலை செய்தவனும் அதே பக்கமாகத்தான் போவான்.

ஹென்றி ஃபிரான்சிஸ் 1880 இல் பிறந்தவர். படிப்பு சுமார், கூச்ச சுபாவம், வெடிமருந்தில் துளியும் நாட்டமில்லை. ஹார்வர்டில் தோட்டக்கலை படித்தார். பூவும் பசுவும்தான் உலகம். அவருடைய ஹோல்ஸ்டீன் பசுக்கள் அந்தக் காலத்தில் பால் கறப்பதில் பேர் போனவை. வீட்டுச் சாமான்கள் விஷயத்தில் அவருக்கும் எல்லாப் பணக்கார அமெரிக்கர்களையும் போல ஐரோப்பா மோகம்தான் இருந்தது. 1923 இல் வெர்மான்ட் மாநிலத்தில் எலெக்ட்ரா ஹேவ்மேயர் வெப் என்ற சேகரிப்பாளரின் வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு சாதாரண பைன் மர அலமாரியில் ரோஸ் நிறப் பீங்கான் தட்டுகள் அடுக்கியிருந்தன. அந்த நிறச் சேர்க்கை அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு மாசசூசெட்ஸில் ஹென்றி டேவிஸ் ஸ்லீப்பர் என்ற அலங்கார நிபுணர் பழைய வீட்டுத் துண்டுகளால் கட்டிய போபோர்ட் வீட்டையும் பார்த்தார். அவ்வளவுதான், ஐரோப்பா போயிற்று. 1926 இல் அப்பா இறந்து சொத்து கைக்கு வந்ததும், 1928 முதல் 1931 வரை வீட்டை இடித்துப் பெருக்கி மலை போல ஆக்கிவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவரைப் பிடித்தது நிறம் என்பதுதான். வரலாறு பின்னால் வந்தது. வீட்டுக்குள் போகும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் பல புதிர்கள் விடுபடும்.

எங்கள் வழிகாட்டி வயதான ஓர் அம்மையார். கையில் சின்ன டார்ச். திரைச்சீலைகள் இறக்கிவிட்டு, மெழுகுவர்த்தி மாதிரி மங்கலான மின்விளக்கு மட்டும் எரிகிறது. துணிகளும் சாயங்களும் வெளிச்சத்தில் செத்துப்போகும் என்பதால் இந்த இருட்டு. கண் பழகச் சற்று நேரம் ஆகிறது. அப்புறம் அவர் டார்ச்சை ஒரு மேஜைக் காலின் கீழ்ப்பக்கம் காட்டினார். மஹோகனி மரம். கால் மெல்ல வளைந்து இறங்கி, அடியில் ஒரு பறவையின் நகங்கள் ஓர் உருண்டையைப் பற்றியிருக்கின்றன. நகத்துக்கும் உருண்டைக்கும் நடுவில் உளி நுழைந்து கிளறி எடுத்த பள்ளம் தெரிகிறது. விரல் கணுக்களில் தசைநார் விறைத்திருக்கிறது. தரையில் படுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இத்தனை வேலை. டார்ச்சை நகர்த்தியதும் அது மறுபடி வெறும் மேஜைக் கால் ஆகிவிட்டது.

அந்த மஹோகனி ஜமைக்காவிலிருந்தும் ஹோண்டுராஸ் கரையிலிருந்தும் வந்த மரம். காட்டில் அதை வெட்டி இழுத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். வழிகாட்டி இதைத் தானாகவே சொன்னார். அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. அழகு அப்படி வாயடைக்கும்.

மான்ட்மொரென்சி படிக்கட்டு. விண்டர்டூர் என்று தேடினால் முதலில் வரும் படம் இதுதான். நேரிலும் ஏமாற்றாது. தூண் இல்லை, தாங்கல் இல்லை, வெள்ளை ரிப்பன் ஒன்று காற்றில் சுழன்று மேலே போவதுபோல் இரண்டு தளம் ஏறுகிறது. இது வட கரோலினாவில் 1820களில் ஒரு தோட்ட முதலாளி கட்டிய மான்ட்மொரென்சி என்ற வீட்டில் இருந்தது. 1930களில் அந்த வீடு கேட்பாரற்று நின்றது. டுபான்ட் தன் வீட்டில் ஏற்கெனவே இருந்த மார்பிள் படிக்கட்டைத் தூக்கிவிட்டு இதைக் கொண்டுவந்தார். ஆனால் அசல் படிக்கட்டு வட்டமாகச் சுழன்றது, ஏறியதும் ஒரே தளம்தான். இங்கே இருந்த இடத்துக்கு அது பொருந்தவில்லை. எனவே நீள்வட்டமாக்கினார்கள். இன்னொரு தளத்துக்கும் புதிதாகச் செய்து நீட்டினார்கள்.

அப்படியானால் நான் பார்த்தது 1820களின் படிக்கட்டா, 1930களின் படிக்கட்டா? "இரண்டும்தான்" என்று வழிகாட்டி சிரித்தார். நழுவல் பதில் என்றுதான் முதலில் பட்டது. வீடு முழுக்கச் சுற்றிய பிறகு அதுதான் சரியான பதில் என்று தோன்றியது.

சீன வரவேற்பறையில் இதே கதை. சுவர் முழுக்கச் சீனாவில் கையால் வரைந்த பதினெட்டாம் நூற்றாண்டுக் காகிதம். ஊர், சந்தை, ஆறு, ஊர்வலம் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது, எங்கேயும் திரும்ப வராத ஒரே நீளப் படம். ஒரு மூலையில் மாட்டை ஓட்டிப் போகிறவன், இன்னொரு மூலையில் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கும் பெண். காகிதம் அறையின் உயரத்தைவிட அதிகம். வெட்ட மனம் வரவில்லை. கூரையும் சுவரும் சேரும் இடத்தை வளைத்து, காகிதம் அந்த வளைவில் ஏறிப் போகும்படி ஒட்டினார். இரண்டு அறைகளை ஒன்றாக்கித்தான் இந்த ஒரு அறை. காகிதத்துக்காக வீட்டையே வளைத்த மனிதர்.

அத்தை அங்கேதான் முதல் முறையாக வாய் திறந்தார். "கொலு வெச்ச மாதிரி இருக்கும்மா. எல்லாம் இருக்கு, எதையும் எடுக்கக் கூடாது." நானும் சுற்றிப் பார்த்தேன். நாற்காலிகள் பேச்சுக்குத் தயாராக வட்டமாக நிற்கின்றன. மேஜை மேல் தேநீர்க் கோப்பைகள் நிரப்பக் காத்திருக்கின்றன. இந்தக் கோலத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் யாரும் வீட்டை வைத்திருக்கவில்லை. அப்போது நாற்காலிகளும் மேஜைகளும் சுவரோரம் ஒதுங்கி நிற்கும். தேநீர் மேஜையின் மேல்பலகை செங்குத்தாக மடங்கி மூலையில் இருக்கும். விருந்தாளி வந்தால்தான் நடுவுக்கு இழுப்பார்கள், போனதும் திரும்பத் தள்ளிவிடுவார்கள். விலை உயர்ந்த திரைச்சீலை எல்லா ஜன்னலிலும் தொங்காது. கொழுப்பு மெழுகுவர்த்தியின் நாற்றமும் கணப்பின் கரியும் இருக்கும். இங்கே இருப்பது டுபான்ட் வார இறுதி விருந்துக்காகப் போட்ட ஏற்பாடு.

அந்த விருந்துகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட டின்னர் செட்டுகள் வைத்திருந்தார். தோட்டத்தில் அன்றைக்கு என்ன பூத்திருக்கிறதோ அதற்கு ஏற்ற தட்டு, தட்டுக்கு ஏற்ற மேஜைவிரிப்பு. எந்த விருந்துக்கு எந்தத் தட்டு, என்ன பூ, என்ன சாப்பாடு என்று எழுதி வைத்தார்கள். பருவத்துக்குப் பருவம் திரைச்சீலைகளை மாற்றினார்கள். வசந்தத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் அசேலியாப் பூவின் நிறத்துக்கும் உள்ளே நாற்காலி உறைக்கும் ஒத்துப்போக வேண்டும். சிலருக்கு இது பைத்தியக்காரத்தனம். எனக்கும் பாதி அப்படித்தான். மறுபாதி, தனக்குக் கைவந்த ஒரே வேலையைக் கடைசிவரை செய்த ஆள் என்ற மரியாதை.

சாப்பாட்டு அறையில் பால் ரெவியர் 1772 இல் மாசசூசெட்ஸ் தேவாலயம் ஒன்றுக்காகச் செய்த ஆறு வெள்ளிக் குவளைகள் நிற்கின்றன. ஜார்ஜ் வாஷிங்டன் பயன்படுத்திய சீனப் பீங்கான் தொகுதியிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட உருப்படிகளும் இங்கே உண்டு. நான் அதிக நேரம் நின்றது கணப்புக்கு மேலே மாட்டியிருந்த ஓவியத்தின் முன். பெஞ்சமின் வெஸ்ட் வரைந்தது. சுதந்திரப் போர் முடிந்து பிரிட்டனோடு சமாதானம் பேசிய காட்சி. இடப்பக்கம் அமெரிக்கத் தூதர்கள் ஜான் ஜே, ஜான் ஆடம்ஸ், பெஞ்சமின் ஃபிராங்க்ளின். வலப்பக்கம் வெறும் பழுப்புக் கித்தான். பிரிட்டன் தரப்பினர் படத்துக்கு உட்காரவே இல்லை, படம் அப்படியே நின்றுபோனது. இந்த வீட்டில் நிரப்பாமல் விட்ட ஒரே இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. மற்ற எல்லா இடத்தையும் டுபான்ட் நிரப்பிவிட்டார். முன்பு பேட்மின்டன் ஆடிய கூடத்தில் கூட நான்கு பழைய வீடுகளின் முகப்புகளைக் கொண்டுவந்து நிறுத்தி, வீட்டுக்குள்ளேயே ஒரு முற்றம் செய்துவிட்டார். பந்து உருட்டி விளையாடிய நீள அறை இப்போது பழங்காலக் கடைத்தெரு.

அத்தைக்கு இதிலெல்லாம் சுவாரசியம் இல்லை. "ஏம்மா, சமையல்கட்டு எங்க? கொல்லைப்பக்கம்? இத்தனை பேருக்கு யாரு சமைச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களின் கெர்ஷ்னர் வீட்டு அறைகள் இருக்கின்றன, சமையலறையும் உண்டு, ஆனால் இந்தச் சுற்றில் வராது என்றார் வழிகாட்டி. சாம்பல் படிந்த பெரிய அடுப்பு, தொங்கும் இரும்புச் சட்டி எல்லாம் உண்டாம். அத்தை அரை மனதோடு தலையாட்டினார்.

அவருடைய கேள்வி என்னை விடவில்லை. எந்த மியூசியத்திலும் பீரியட் ரூம் என்றால் பெரும்பாலும் வரவேற்பறை, சாப்பாட்டறை, படுக்கையறை. வேலை நடந்த அறைகள் குறைவு. மியூசியங்கள் பழைய வரவேற்பறையை அமைக்கும்போது அந்தக் காலத்துச் சொத்துப் பட்டியல்களைப் பார்க்கின்றன. ஒருவர் இறந்தால் வீட்டிலுள்ள பொருட்களை அறை அறையாக எழுதி விலை போடுவார்கள். ஆறு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு கட்டில். அதே பட்டியலில், அதே கையெழுத்தில், அடிமையாக இருந்த மனிதர்களின் பெயரும் எதிரே விலையும் இருக்கும். சில இடங்களில் பெயர்கூட இருக்காது. நாற்காலிகளைத் திரும்ப வாங்கி அறையில் வைத்துவிட முடிகிறது. பட்டியலின் மற்ற வரிகளை எந்த அறையில் வைப்பது?

போர்ட் ராயல் வரவேற்பறை ஃபிலடெல்ஃபியாவில் எட்வர்ட் ஸ்டைல்ஸ் என்ற வணிகர் 1762 இல் கட்டிய வீட்டிலிருந்து வந்தது. மஞ்சள் பட்டு, இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் சோபாக்கள், சமச்சீர் என்றால் அப்படி ஒரு சமச்சீர். ஸ்டைல்ஸ் பெர்முடாக்காரர். கரீபியன் வணிகத்தில் சம்பாதித்தவர், அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தியவர். அறையில் அதற்கு அடையாளம் ஒன்றும் இல்லை, இருக்கவும் முடியாது. பட்டுத் துணி எதையும் சொல்லாது. வழிகாட்டியோ அறிவிப்புப் பலகையோதான் சொல்ல வேண்டும். இப்போது சொல்கிறார்கள். 1951 இல் திறந்தபோது சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்.

இன்னொரு கணக்கும் மனதில் ஓடியது. டுபான்ட் வெர்மான்டில் ரோஸ் நிறத் தட்டுகளைப் பார்த்து மயங்கிய அதே 1923 இல்தான், பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் இந்த நாட்டுக் குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கன் விங் திறந்த 1924 இல், யார் யார் வரலாம் என்பதை இன்னும் இறுக்கிய குடியேற்றச் சட்டம் வந்தது. தற்செயல் என்று முழுக்கத் தள்ளிவிட முடியாது. தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். உண்மையான அமெரிக்கா எது என்று வந்தவர்களுக்குக் காட்டித் திருத்த வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பழைய அறைகளைத் திறந்தவர்களில் சிலருக்கு வெளிப்படையாகவே இருந்தது. டுபான்டின் மனதில் அது எவ்வளவு என்று நான் அளக்கப் போவதில்லை, அவர் மனம் தட்டிலும் பூவிலும் இருந்தது. ஆனால் அவர் தெரிந்தெடுத்த அமெரிக்கா 1860 இல் நின்றுவிடுகிறது. ஆலைப் புகை பெருகியதும், குடியேற வந்தவர்கள் வந்து இறங்கிய எல்லிஸ் தீவும் அதற்குப் பிறகுதான்.

சரி, இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஒரு படுக்கையறையில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துக் கட்டிலில் மரத்தைவிடத் துணிதான் விலை. நான்கு பக்கமும் திரை, மேல்விதானம், போர்வை. அங்கே கட்டிலில் கிடந்தது வெள்ளைப் பருத்தி விரிப்பு. நடுவில் பாறை மேட்டிலிருந்து ஒரு மரம் வளைந்து ஏறுகிறது. ஒரே மரத்தில் இருபது விதப் பூ. அடியில் சின்னதாக ஒரு பறவை. வழிகாட்டி "இந்தியா, கோரமண்டல் கரை" என்றார். நான் அத்தையிடம் "நம்ம ஊர்ப் பக்கம் போட்டது" என்றேன். அவர் நிஜமாகவே குனிந்து பார்த்தார்.

டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு தனியாகத் தெரிந்தது. கறுப்பும் இல்லை, ஆரஞ்சும் இல்லை, காய்ந்த மாதுளைத் தோல் நிறம். சோழமண்டலக் கரையில் அதற்குச் சாயவேர். ராமேசுவரம், மன்னார், யாழ்ப்பாணம் மணல் நிலங்களில் தோண்டி எடுத்த மெல்லிய வேர். முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்துக் காயவைப்பார்கள். படிகாரத்தால் வரைந்த இடம்தான் சிவப்பைப் பிடிக்கும். நீலம் வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மெழுகு பூசி மூடி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மஞ்சளைக் கடைசியில் தூரிகையால் தொட்டு வைப்பார்கள். அதனால்தான் பழைய துணிகளில் பச்சை இலைகள் நீலமாக நிற்கின்றன. நீலத்தின் மேல் பூசிய மஞ்சள் முதலில் வெளுத்துவிடுகிறது. விண்டர்டூர் விரிப்பிலும் இலைகள் நீலம்தான். இவ்வளவும் சேர்ந்து ஒரு விரிப்பு முடியப் பல வாரம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தத் துணிகள் லண்டன் நெசவாளர் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று பிரிட்டன் 1700 லும் 1721 லும் சட்டம் போட்டுத் தன் நாட்டுக்குள் தடுத்தது. ஆனால் கப்பலில் வந்ததைத் திரும்ப வெளிநாட்டுக்கு விற்கத் தடையில்லை. அமெரிக்கக் குடியேற்றங்கள் வாங்கிக்கொண்டன. லண்டன் சீமாட்டி சட்டப்படி போட முடியாத துணியை பாஸ்டன் வியாபாரியின் மனைவி கட்டிலில் விரித்தாள். அமெரிக்க அறை என்று பெயர் போட்ட அந்த அறையில் கட்டில் மரம் ஜமைக்கா, தட்டு சீனத்துக் கான்டன், விரிப்பு சோழமண்டலம். எந்த அறையும் ஓர் ஊருக்குச் சொந்தமில்லை போலிருக்கிறது. அத்தை கேட்டது வேறு. "இத துவைப்பாங்களாம்மா?" மாட்டார்கள் என்றேன். வெளிச்சத்துக்கே அளவு வைத்திருக்கிறார்கள், தண்ணீர் எங்கே காட்டுவார்கள்.

1951 இல் வீட்டை மியூசியமாகத் திறந்துவிட்டு டுபான்ட் பக்கத்திலேயே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனார். அவருடைய 'சின்ன'வுக்கு நம் அளவுகோல் ஒத்துவராது. 1961 இல் ஜாக்குலின் கென்னடி வெள்ளை மாளிகையைப் பழைய சாமான்களால் திருத்தி அமைக்கக் குழு போட்டபோது இவர்தான் தலைவர். 1969 இல் இறந்தார். டெலவேர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து விண்டர்டூர் 1952 முதல் பழைய பொருள்கள் வழியே வரலாற்றை ஆராயும் படிப்பும், பிறகு கலைப்பொருள் பாதுகாப்புப் படிப்பும் நடத்துகிறது. இங்கே படித்து வெளியே வந்தவர்கள் அமெரிக்க மியூசியங்கள் பலவற்றில் இருக்கிறார்கள். 2019 இல் இங்கே நூலகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றைச் செப்பனிடும்போது பச்சை உதிர, சோதித்தால் ஆர்செனிக் என்ற நஞ்சு. அதிலிருந்து உலகம் முழுக்க நூலகங்கள் தங்கள் பச்சைப் புத்தகங்களைத் தேடிப் பிடித்துத் தனியே வைக்க ஆரம்பித்தன. டுபான்ட் சேர்த்ததைவிட அந்தச் சேகரிப்பை வைத்து மற்றவர்கள் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இப்போது ஓர் அறையின் சுவர் நிறத்தைக்கூட யாரும் ரசனையால் தீர்மானிப்பதில்லை. பெயின்ட்டின் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்து அடுக்கு அடுக்காக எண்ணுகிறார்கள். அடியில் வருவது பல நேரம் நாம் கற்பனை செய்யும் சாந்தமான சாம்பல் நீலம் இல்லை, கண்ணைக் குத்தும் பச்சையும் மஞ்சளும்தான்.

மறுநாள் ஃபிலடெல்ஃபியா மியூசியத்துக்குப் போனோம். விண்டர்டூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடையலாம். அத்தைக்கு அங்கே ஒரு கோயில் மண்டபம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போனேன். மதுரை மதனகோபால சுவாமி கோயிலின் கற்கள். பதினாறாம் நூற்றாண்டு, நாயக்கர் காலம். ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஆடலின் பெப்பர் கிப்ஸன் 1912 இல் மதுரையில் வாங்கினார். அவர் இறந்த பிறகு 1919 இல் குடும்பத்தார் அவர் நினைவாக மியூசியத்துக்குக் கொடுத்தார்கள். 1940 வாக்கில் இப்போதுள்ள கட்டடத்தில் மண்டபமாக எழுப்பினார்கள். அப்போதைய இயக்குநர் ஃபிஸ்க் கிம்பல் பீரியட் ரூம் பிரியர். ஒரு மாடி முழுக்க உலகத்தின் அறைகளை வரிசையாக வைத்து நடத்திக் காட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். லண்டன் லான்ஸ்டவுன் மாளிகையின் வரவேற்பறை, ஜப்பானியத் தேநீர் வீடு, மதுரை மண்டபம் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருப்பது அதனால்தான்.

அத்தை செருப்பைக் கழற்றப் போனார். நான் தடுக்கவில்லை. காவலாளியும் ஒன்றும் சொல்லவில்லை. தூணில் இருந்த கருடனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "மூலவர் எங்க?" என்றார். மதுரையில் இருக்கிறார் என்றேன், அங்கே இன்றும் பூஜை நடக்கிறது. "அப்போ சரி" என்று தூண்களைச் சுற்ற ஆரம்பித்தார்.

நான் முந்தின நாள் பழக்கத்தில் மேலே பார்த்தேன், இந்தக் கூரை எங்கிருந்து வந்தது என்று. கூரை மியூசியத்தினுடையது. வெளிச்சமும் அவர்களுடையது. கோயிலில் ஒரு பக்கத்திலிருந்து வெயில் விழுந்து யாளியின் முகத்தில் பாதி இருட்டாக இருந்திருக்கும். இங்கே எல்லா முகத்துக்கும் ஒரே அளவு. தூண்களின் வரிசையும் கோயிலில் இருந்த அதே வரிசை என்று எடுத்துக்கொள்ள முடியாது. கைக்கு வந்த கற்களையும் கிடைத்த இடத்தையும் வைத்து அடுக்கியதுதான். மான்ட்மொரென்சி படிக்கட்டை நீள்வட்டமாக்கிய கணக்குத்தான் இங்கேயும். படிக்கட்டைப் பார்த்து 'பலே' என்றவளுக்கு இங்கே அந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாக ஜீரணமாகவில்லை. வட கரோலினா வீட்டுக்காரர்களின் வாரிசு யாராவது விண்டர்டூருக்கு வந்தால் எனக்கு இங்கே இருந்தது போலத்தான் அங்கே அவருக்கும் இருக்கும். அந்த வீட்டில் வேலை செய்த அடிமைகளின் வாரிசு வந்தால் வேறு மாதிரி இருக்கும்.

யாராவது இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். விண்டர்டூரை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசியில் மேட்டுச் சரிவில் நீலப் பூக்கள் விரிந்திருக்கும், மே மாதம் அசேலியா. வழிகாட்டியோடு போகும் சுற்றுக்கே சீட்டு எடுங்கள், பெரிய பையைக் காரிலேயே விட்டுவிடுங்கள். சமையலறை எந்தச் சுற்றில் வருகிறது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை நாங்கள் அதற்காகத்தான் போகிறோம்.